சவேரியாரின் வலது கை

1544 சனவரியில் கொச்சியிலிருந்து ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் பிரான்சிஸ் சவேரியார் தன் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது. விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் அந்த ஊர்ப் பாஷையில் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிக்கொள்கிறது. அந்த ஊர் என்பது முத்துக்குளித்துறை. தூத்துக்குடி, மணப்பாடு என்று பரதவர் வாழ்ந்த கடற்கரை. அந்தப் பாஷை தமிழ்.

1542 கடைசியில் அங்கு வந்து சேர்ந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியை வைத்து ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் திருப்பிச் சொன்னவற்றில் ஒன்று, செத்த உடல் மறுபடி எழும் என்பது. ஆத்துமா மோட்சம் போவதோடு கதை முடிவதில்லை, இதே உடம்பு கடைசி நாளில் எழுந்து வரும் என்பது கிறிஸ்தவத்தின் பழைய, பிடிவாதமான நம்பிக்கை. அதைச் சொல்லிக்கொடுத்தவரின் உடம்புக்கே பின்னால் என்னவெல்லாம் நடந்தது என்பதற்கு, ஓய்ந்துபோன அந்த வலது கையைப் பின்தொடர்ந்தாலே போதும்.

1552 டிசம்பர் 3. சீனக் கடற்கரையை ஒட்டிய சான்சியன் தீவு. சீனாவுக்குள் நுழைய வழி கிடைக்காமல் காய்ச்சலில் கிடந்து சவேரியார் இறந்தார். வயது 46. கூட இருந்த அந்தோனியோ என்ற சீன இளைஞரும் இன்னும் இரண்டொருவரும் பெட்டியில் உடலுக்குக் கீழேயும் மேலேயும் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைத்தார்கள். சதையைச் சுண்ணாம்பு சீக்கிரம் தின்றுவிட்டால் எலும்பை மட்டும் இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது கணக்கு. 1553 பிப்ரவரியில் கப்பல் கிளம்பும் சமயம் தோண்டிப் பார்த்தால் உடல் அப்படியே இருந்தது. பெட்டியோடு மலாக்காவுக்கு ஏற்றினார்கள். அங்கே குன்றின் மேலிருந்த மாதா கோயிலில், இந்த முறை பெட்டிகூட இல்லாமல் வெறும் மண்ணில் புதைத்தார்கள். ஆகஸ்டில் திறந்தபோதும் கெடவில்லை. 1554 மார்ச்சில் கோவா வந்து சேர்ந்தது. பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. பாதத்தை முத்தமிடக் குனிந்த ஒரு போர்த்துக்கீசியப் பெண்மணி கால்விரலைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு போய்விட்டார் என்று கோவாவில் இன்றும் சொல்வார்கள்.

உடல் கெடாதிருந்தது எப்படி என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. புனிதர் பட்டத்துக்கு அது ஒரு நிபந்தனையும் அல்ல. இன்று கோவாவில் இருப்பது உலர்ந்து சுருங்கிய உடல்தான். என்னை உறுத்துவது வேறு: உடல் முழுசாக எழும் என்று நம்புகிறவர்கள், தாங்கள் மிக மதிக்கும் உடலையே எப்படி வெட்டத் துணிந்தார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பழைய ரோமானியருக்குப் பிணம் தீட்டு. ஊர் எல்லைக்குள் புதைக்கவிட மாட்டார்கள். கிறிஸ்தவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே, ஸ்மிர்னாவில் எரித்துக் கொல்லப்பட்ட பொலிக்கார்ப்பின் எலும்புகளை ரத்தினங்களைப் போலப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பிறகு வேதசாட்சிகளின் கல்லறை மேலேயே பீடம் எழுப்பினார்கள். 787ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், திருப்பண்டம், அதாவது வேதசாட்சிகளின் உடல் எச்சம், வைக்காமல் எந்தக் கோயிலையும் அபிஷேகம் செய்யக் கூடாது என்றது. ஊருக்கு ஊர் கோயில் வேண்டும், ஆனால் வேதசாட்சிகள் எண்ணிக்கையில் குறைவு. பங்கு போடாமல் வேறு வழி?

மிருகம் தின்ற உடல், எரிந்த உடல், கடலில் கரைந்த உடல் எல்லாம் எப்படி எழும் என்று அகஸ்டீனார் ‘கடவுளின் நகர்’ நூலில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஒரு மனிதன் பசியில் இன்னொரு மனிதனைத் தின்றிருந்தால் அந்தச் சதை யாருக்குச் சேரும் என்றுகூட விசாரிக்கிறார். முதல் உடையவனுக்கே என்பது அவர் தீர்ப்பு. சிதறியதைச் சேர்ப்பது கடவுளுக்கு ஒரு வேலையே இல்லை என்பது வாதத்தின் சாரம். 1215ன் நான்காம் லாத்தரன் சங்கம், இப்போது சுமக்கும் இதே உடலோடுதான் எல்லாரும் எழுவார்கள் என்று உறுதிசெய்தது. அப்படியானால் துண்டாக இருப்பதால் எந்தப் புனிதருக்கும் நட்டமில்லை.

மற்றவர்கள் விஷயத்தில் சபைக்கு இந்தத் தைரியம் வரவில்லை. தூர தேசத்தில் இறந்த பிரபுக்களின் உடலைத் துண்டாக்கி, கொப்பரையில் வேகவைத்து, எலும்பை மட்டும் சொந்த ஊருக்குக் கொண்டுவரும் வழக்கம் ஐரோப்பாவில் இருந்தது. 1299ல் எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் அதை அருவருப்பான செயல் என்று கண்டித்து, மீறுகிறவர்களைச் சபையிலிருந்து விலக்குவதாக ஆணையிட்டார். சான்சியனில் கொட்டிய சுண்ணாம்பும் கொப்பரையின் வேலையைத்தான் செய்திருக்க வேண்டும், நெருப்பில்லாமல்.

செத்த கணத்துக்கும் கடைசி நாளுக்கும் நடுவே ஆத்துமா எங்கே இருக்கிறது? 1331ல் இருபத்திரண்டாம் அருளப்பர் பாப்பரசர், புனிதர்கள்கூடத் தீர்வை நாள் வரைக்கும் கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று பிரசங்கித்து வம்பில் மாட்டிக்கொண்டார். பாரிஸ் பல்கலைக்கழகமே எதிர்த்தது. 1334ல் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336ல் முடிவாகச் சொன்னார்: பரிசுத்தமாக இறந்தவர்கள் அப்போதே காண்கிறார்கள், உத்தரிக்க வேண்டியவர்கள் உத்தரித்தபின் காண்கிறார்கள், உடல்தான் காத்திருக்கிறது. ஆகவே புனிதர் மோட்சத்தில் விழித்திருந்து நமக்காகப் பேசுகிறார், அவருடைய உடலின் ஒரு துண்டு நம் பீடத்தில் இருக்கிறது. மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. ரோமில் சவேரியாரின் சொந்தச் சபையான சேசு சபையாருக்கு அந்தக் கீழ் முனை வேண்டியிருந்தது.

1614 நவம்பர் 3. சேசு சபைத் தலைவர் கிளாடியோ அக்வாவீவாவின் உத்தரவுப்படி கோவாவில் பெட்டியைத் திறந்து, வலது கையை முழங்கையோடு வெட்டி எடுத்தார்கள். சவேரியாருக்கு அப்போது எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை. அருளாளர் ஆனது 1619ல், புனிதர் ஆனது 1622 மார்ச் 12ல், சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரோடும் அவிலா தெரேசாவோடும் ஒரே நாளில். அதாவது புனிதர் பட்டத்துக்கான வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கை ரோமுக்குப் போய்விட்டது. உடலில் எத்தனையோ இருக்க, ஞானஸ்நானத் தண்ணீரை ஊற்றிய கையைக் கேட்டதில் ஆச்சரியமில்லை. கேட்ட அக்வாவீவா அதைப் பார்க்கவில்லை. கப்பல் கரை சேருமுன், 1615 சனவரி கடைசியில் இறந்துபோனார்.

இந்தப் பயணத்துக்குப் பின்னால் இன்னொரு பழைய உத்தரவும் உண்டு. 1553 ஜூன் 28ல் இஞ்ஞாசியார் ரோமிலிருந்து, ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி சவேரியாருக்கு எழுதினார். நண்பர் இறந்து ஏழு மாதம் ஆகப்போவது அவருக்குத் தெரியாது. கடிதம் எழுதப்பட்ட வேளையில் உடல் மலாக்கா மண்ணுக்குள் கிடந்தது. 1540 மார்ச்சில் ரோமை விட்டுக் கிளம்பியபின் இருவரும் சந்திக்கவே இல்லை. இன்று ரோமின் ஜேசு ஆலயத்தில் ஒரு பக்கத்துச் சிற்றாலயத்தில் இஞ்ஞாசியாரின் கல்லறை இருக்கிறது, நேர் எதிரே சவேரியாரின் கை. பொன்முலாம் பூசிய பேழை. நடுவே கண்ணாடி. அதற்குள்ளே நிமிர்த்தி வைத்த முன்கை, பழுப்பேறி, எலும்பில் தோல் ஒட்டி, விரல்கள் தெரிய. அதற்கு மேலே கார்லோ மராத்தா வரைந்த சவேரியாரின் மரணக் காட்சி. பரோக் காலத்துச் சலவைக்கல், பொன், சுதைவேலை எல்லாம் கண்ணைப் பறிக்க, அந்தக் கை மட்டும் அலங்காரத்துக்கு அடங்காமல் நிற்கிறது.

மேல்கையும் தப்பவில்லை. அது மலாக்கா, கொச்சி, மக்காவ் என்று சேசு சபைக் கல்லூரிகளுக்குப் பிரிந்துபோனது. மக்காவில் இருக்கும் எலும்பு ஜப்பானுக்குப் போயிருக்க வேண்டியது. ஆனால் கோவாவில் கையை வெட்டிய அதே 1614ல்தான் ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. எலும்பு மக்காவிலேயே தங்கிவிட்டது. மலாக்காக் குன்றில் இப்போது கூரையில்லாத கோயிலும் வெறும் குழியும்தான் மிச்சம். வாசலில் 1952ல் நிறுத்திய சவேரியார் சிலைக்கும் வலது கை இல்லை. மரம் விழுந்து உடைந்ததாம். வழிகாட்டிகள் இந்தக் கதையை விடுவார்களா?

மேல்கை நுழைய முடியாத ஜப்பானுக்கு முன்கை போனது. 1949ல், சவேரியார் ககோஷிமாவில் இறங்கிய 400ஆம் ஆண்டு நிறைவுக்காக, பேழை ரோமிலிருந்து அங்கே எடுத்துச் செல்லப்பட்டது. நாகசாகியில் அணுகுண்டு விழுந்து நான்கு ஆண்டுகூட நிறையவில்லை. இடிந்து கிடந்த உரகாமி பேராலயத்து வளாகத்தில் பூசை நடந்தது. உடல் எழும் என்ற நம்பிக்கைக்கு அதைவிடக் கடினமான இடம் கிடைக்காது. அந்தப் பங்கில் செத்தவர்களில் பலருக்கு அடக்கம் செய்யக் கைப்பிடி எலும்பும் மிஞ்சவில்லை. அகஸ்டீனார் ஏட்டில் விசாரித்த கேள்வி அங்கே ஒவ்வொரு வீட்டுக் கேள்வியாக இருந்திருக்கும்.

2018 சனவரியில் கை கனடா போனது. விமானத்தில் அதற்கென்று தனி இருக்கை. கியூபெக்கிலிருந்து வான்கூவர் வரை பல ஊர்கள் சுற்றி, வரிசையில் நின்றவர்கள் பேழை மேல் ஜெபமாலையை ஒற்றி எடுத்துக்கொண்டபின், ரோமுக்குத் திரும்பியது. முக்கியமான திருப்பண்டத்தை ரோமின் அனுமதி இல்லாமல் நிரந்தரமாக இடம் மாற்றவும், எந்தத் திருப்பண்டத்தையும் விற்கவும் திருச்சபைச் சட்டம் இடம் தருவதில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 2016ல், தகனம் பற்றி வத்திக்கான் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டிருந்தது. தகனத்துக்கு 1963லேயே தடை நீங்கிவிட்டது. ஆனால் சாம்பலை வீட்டில் வைக்கக் கூடாது, காற்றிலோ கடலிலோ தூவக் கூடாது, பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, கல்லறையிலோ கோயிலிலோதான் வைக்க வேண்டும் என்றது. புனிதரின் கை ஊர் ஊராகப் போகலாம், அப்பாவின் சாம்பலில் ஒரு பிடி அக்கா வீட்டிலும் ஒரு பிடி தம்பி வீட்டிலும் இருக்கக் கூடாதா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்வது கஷ்டம். என் கணிப்பில் சபை பயப்படுவது துண்டாவதற்கு அல்ல, தனியுடைமை ஆவதற்கு. கை எத்தனை துண்டானாலும் யாரும் போய்க் கும்பிடக்கூடிய பீடத்தில் இருக்கிறது. அலமாரியில் வைத்த சாம்பலுக்கு, கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற ஊரார் வரமுடியாது. இரண்டு தலைமுறை போனால் அது யாருடைய சாம்பல் என்றே தெரியாது.

இந்த வாதம் எல்லாரையும் திருப்திப்படுத்தியதாகத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் வத்திக்கான் கொஞ்சம் இறங்கிவந்தது. இறந்தவரின் வாழ்க்கையோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் சாம்பலின் மிகச் சிறு பகுதியைக் குடும்பத்தார் வைத்துக்கொள்ள, உரிய நிபந்தனைகளோடு, அனுமதி கேட்கலாம். தூவக் கூடாது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.