சூட்டைப் பார்க்கக் கத்துக்கிட்ட கதை

செம்பட்டியிலிருந்து பேசுறேன்.

நம்ம ஊர்ப் பேப்பர்ல தீ விபத்துச் செய்தி வந்தா, பெரும்பாலும் கடைசி வரி ஒண்ணுதான்: மின்கசிவு காரணமாக இருக்கலாம். 2024 டிசம்பர் 12 ராத்திரி திண்டுக்கல்–திருச்சி ரோட்டுல ஒரு தனியார் மருத்துவமனையில தீப்பிடிச்சு, ஒரு சின்னக் குழந்தை உட்பட 6 பேர் இறந்தாங்க. முதல்ல வந்த செய்தியிலயும் இதே வரிதான். அந்த விபத்துக்கு நான் தீர்ப்புச் சொல்ல வரல. அந்த வரியைப் பத்தித்தான் பேசப்போறேன். மின்கசிவுன்னு சொன்னதும் ஏதோ ஒரு நொடியில நடந்த மாதிரி இருக்கு. ஆனா பல மின் தீ விபத்துகளுக்கு முன்னாடி ஒரு இணைப்பு நாள் கணக்கா, மாசக் கணக்கா சூடாகிக்கிட்டே இருந்திருக்கும்.

காரணம் எளிமையானது. போல்ட் தளர்ந்தாலோ, வயர் முனை துருப்பிடிச்சாலோ அந்த இடத்துல மின்தடை கூடும். கரண்ட் ரெண்டு மடங்கானா, அங்க உண்டாகுற வெப்பம் நாலு மடங்காகும். வெளியில ஒண்ணும் தெரியாது.

தெரியாததைப் பார்க்க முடியும்னு காட்டினவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸைக் கண்டுபிடிச்ச அதே வானியலாளர்தான். 1800-ல சூரிய ஒளியைப் பட்டகத்தால பிரிச்சு, ஒவ்வொரு நிறத்துலயும் தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, வெளிச்சமே இல்லாத இடத்துல சூடு இன்னும் அதிகமா இருந்துச்சு. அதுதான் அகச்சிவப்பு.

அடுத்த ஒன்றரை நூற்றாண்டுல இந்த நுட்பத்துக்குப் பெருசா செலவு பண்ணினது ராணுவங்கள். மின்துறைக்கு அது வந்தது 1965 வாக்கில். ஸ்வீடனின் ஆகா நிறுவனம் மின்கம்பிகளைச் சோதிக்க ஒரு கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. அந்த நிறுவனத்தோட அந்தக் காலத்து மாடல் ஒண்ணுல கேமரா 25 கிலோ, திரைப்பெட்டி 20 கிலோ, முக்காலி 15 கிலோ. கூடவே ஒரு ஜெனரேட்டர், உணரியைக் குளிர்விக்க 10 லிட்டர் திரவ நைட்ரஜன். இதை நம்ம தோப்புக்குள்ள தூக்கிட்டுப் போறதை நினைச்சுப் பாருங்க!

இந்தச் சுமையைக் குறைச்சது மைக்ரோபோலோமீட்டர். 1980-களில் அமெரிக்க ராணுவப் பணத்துல ஹனிவெல் உருவாக்கினது. 1992 வரை ரகசியம். சிலிக்கான் மேல பொடிப்பொடிப் புள்ளிகள். சூடு பட்டா ஒவ்வொண்ணோட மின்தடையும் மாறும். குளிர்விக்க வேண்டியதில்ல. ஒரு மின்தடை மாற்றம் தீயை மூட்டுது, இன்னொரு மின்தடை மாற்றம் அதைக் காட்டிக் கொடுக்குது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. 2014-ல போன்ல மாட்டுற கேமராவே வந்துருச்சு.

ஆனா கையில கேமரா இருந்தா மட்டும் போதாது. மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, லோடு ஓடும்போதுதான் பார்க்கணும். மெயினை ஆஃப் பண்ணிட்டுப் பார்த்தா எல்லாமே குளிர்ச்சிதான். ஓடுற பேனலைத் திறக்கணும்கிறதால இது தகுதியுள்ள ஆள் செய்யவேண்டிய வேலை. மூடின கதவு வழியா கேமராவுக்குத் தெரியாது.

ரெண்டு, பளபளக்குற செம்புக் கட்டை ஏமாத்தும். அது தன்னோட சூட்டைக் குறைவாத்தான் வெளியிடும், சுத்தியிருக்கிறதைக் கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். அதனால கொதிக்குற இணைப்புகூட படத்துல சாதாரணமாத் தெரியலாம்.

மூணு, ஒப்பிட்டுப் பார்க்கணும். மூணு ஃபேஸ்லயும் ஒரே லோடு ஓடுறப்போ, ஒரு முனை மட்டும் மத்ததைவிட 15 டிகிரிக்கு மேல சூடா இருந்தா உடனே சரிபண்ணச் சொல்லுது அமெரிக்காவின் நீட்டா அமைப்பு.

பெரிய மில்லுகளும் மின் நிறுவனங்களும் இதை வழக்கமாச் செய்றாங்க. விடுபடுறது கல்யாண மண்டபம், சின்ன ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கிணத்து மேட்டு மோட்டார் ரூம். ஏசி மேல ஏசி மாட்டுறோம். மெயின் போர்டு மட்டும் கட்டடம் கட்டின அன்னைக்குப் போட்டதுதான். ஹெர்ஷல் பார்த்துச் சொல்லி ரெண்டு நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. அடுத்த தடவை எலக்ட்ரீஷியன் வந்தா, "போர்டுல எந்த முனையாவது சூடாகுதா, கேமரா வெச்சுப் பார்க்க முடியுமாண்ணே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.