விமானியின் அளவுகோல்

சிறிய விமானத் துறை ஒன்றிற்குக் காலை வேளையிற் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். விமானி ஏணியில் ஏறி இறக்கையின் மேற்புறத்தை எட்டுகின்றார். எரிபொருள் தாங்கியின் மூடியைத் திருகிக் கழற்றுகின்றார். கோடுகள் கீறப்பட்ட மரக்கோல் ஒன்றை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எந்தக் கோடு வரை ஏறியிருக்கின்றது என்று நோக்குகின்றார். லொறிச் சாரதி செய்யும் அதே வேலைதான். அவருடைய ஆசனத்துக்கு முன்னால் எரிபொருளின் அளவைக் காட்டும் முள் ஒன்று இருக்கத்தான் செய்கின்றது. முள் இருக்கக் கோல் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை விமானத்தின் வரலாற்றில் இருக்கின்றது.

1927ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் சார்ள்ஸ் லிண்ட்பேர்க் என்னும் இளைஞர் நியூயோர்க்கிலிருந்து பாரிசுக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டார். அவருடைய விமானத்தில் ஐந்து தாங்கிகள். அவற்றில் ஏறக்குறைய 450 அமெரிக்கக் கலன் பெற்றோல். ஆனால் அளவு காட்டும் கருவி ஒன்றேனும் இல்லை. பாரத்தைக் குறைப்பதற்காக அதனை அவர் விலக்கிவிட்டார். பின் எவ்வாறு கணக்கு வைத்தார்? எந்தத் தாங்கியிலிருந்து எத்தனை மணி நேரம் எரிபொருள் எடுத்தார் என்பதைக் கருவிப் பலகையின்மேற் பென்சிலாற் கோடு கோடாகக் கீறி வந்தார். உறக்கம் கண்ணை அழுத்த, கீழே அத்திலாந்திக் சமுத்திரம் விரிந்து கிடக்க, அக்கோடுகளை நம்பியே அவர் பறந்தார். முப்பத்துமூன்றரை மணி நேரத்தின் பின் பாரிசில் இறங்கியபோது தாங்கிகளில் இன்னும் எரிபொருள் மிஞ்சியிருந்தது. விமானம் இன்று வாஷிங்டன் நூதனசாலையில் இருக்கின்றது. பென்சிற் கோடுகளும் அதிலேயே இருக்கின்றன.

எல்லோரும் லிண்ட்பேர்க் ஆக முடியாது. சாதாரண மனிதனும் பறக்கத்தக்க மலிவான விமானத்தைச் செய்ய முனைந்தவர்கள் எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். 1938 முதல் 1947 வரை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்ட பைப்பர் கப் என்னும் மஞ்சள் நிற விமானத்தில், 12 அமெரிக்கக் கலன் கொள்ளும் தாங்கி முன்கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. தாங்கிக்குள் ஒரு தக்கை மிதக்கும். தக்கையிற் பொருத்திய கம்பி மூடியின் துவாரத்தினூடாக வெளியே நீட்டி நிற்கும். பெற்றோல் குறையக் குறையக் கம்பி தாழும். விமானி கண்ணெதிரே அதனைப் பார்த்துக்கொண்டே பறப்பார். அறிவு நிறைந்த ஏற்பாடுதான். ஆயினும் தக்கைமேற் பூசிய மெருகு தேய்ந்துவிட்டால், தக்கை பெற்றோலை உறிஞ்சிப் பாரமாகித் தாழ மிதக்கும். கம்பி மூடியில் இறுகிக்கொள்வதும் உண்டு. அப்போது பெற்றோல் குறைந்தாலும் கம்பி உயர்ந்தே நிற்கும். முதலாவது பிழை விமானியைத் தேவையின்றிக் கவலைப்படுத்தும். இரண்டாவது பிழை கொல்லும்.

பின்வந்த விமானங்களில் தாங்கி இறக்கைக்குள் ஏறியது. மிதவையும் மின்முள்ளும் வந்தன. ஆனால் இறக்கைத் தாங்கி பாய்போல அகன்றது, ஆழம் குறைந்தது. மட்டம் ஒரு விரல் தாழ்ந்தால், போன பெற்றோலோ பல லீற்றர். விமானம் சரியும்போதும் காற்றிற் குலுங்கும்போதும் பெற்றோல் ஒரு புறமாக ஒதுங்க, முள்ளும் ஊஞ்சலாடுகின்றது. இந்த முள்ளைக் கண்ணால் மட்டும் பார்த்து நம்பாதே என்றுதான் பழைய ஆசிரியர்கள் மாணவருக்குக் கூறி வந்தார்கள். அமெரிக்க விதியோ, பகலிற் கண்பார்வையாற் பறப்பவர் சேருமிடத்தை அடைந்த பின்னும் அரை மணி நேரத்துக்குரிய எரிபொருள் கையிருப்பு உடையவராகவே புறப்பட வேண்டும் என்கின்றது. இரவிலாயின் முக்கால் மணி. உள்ளது எவ்வளவு என்று அறியாதவர் இவ்விதியை எவ்வாறு காப்பார்?

ஆகவேதான் கோல். அதைச் செய்யும் முறையையும் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதில் இருக்கும் நுட்பம் பார்வைக்குத் தெரிவதில்லை. முதலில் விமானத்தைச் சமதரையில் நிறுத்த வேண்டும். தரை சாய்ந்திருந்தால் பெற்றோல் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும்; இரு தாங்கிகளும் குழாயால் இணைக்கப்பட்டிருந்தால், ஒரு தாங்கியிலிருந்து மற்றதற்கே போய்விடும். பின்பு தாங்கியை வடித்துவிட வேண்டும். எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்கு எட்டாத சிறிதளவு அடியில் நிற்கும். அதனை இல்லாததாகவே கொள்ள வேண்டும். அதன்பின் அளந்து அளந்து, ஐந்து லீற்றர் ஐந்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கோலை நேராக விட்டு, ஈரம் நின்ற இடத்திற் கோடு கீற வேண்டும். பெற்றோல் விரைவில் ஆவியாகும் ஆதலால் தாமதித்தாற் கோடு தவறும். மெருகிடாத மரமே நல்லது. ஈரம் அதில் தெளிவாகத் தெரியும். இரும்புக் கம்பியைப் பொறி பறக்கும் என்று அஞ்சி ஒதுக்குவார்கள். இறப்பர்ப் பையாலான தாங்கியாயின் கோலின் நுனி கூராக இருத்தலும் ஆகாது.

இவ்வாறு கீறிய கோடுகள் சம இடைவெளியில் அமைவதில்லை. தாங்கி அடியில் ஒடுங்கி மேலே அகல்வதால், கீழ்க் கோடுகள் விலகியும் மேற் கோடுகள் நெருங்கியும் நிற்கும். இறக்கைகள் நுனி நோக்கி மேலெழுந்திருந்தாலோ, மூடி இருக்கும் இடத்தில் ஈரமே படாதபோதும் உட்புறத்திற் பெற்றோல் கிடக்கும். அதனால் ஒரு விமானத்தின் கோல் இன்னொரு விமானத்துக்கு உதவாது. ஒரே வகை விமானமாயினும் தாங்கி பெரிதாயிருந்தால், கோல் பொய் சொல்லும். கோலுக்குத் தெரிந்தது நீளம் மாத்திரமே. நீளத்தைப் பெற்றோலாக்குவது மனிதனின் கணக்கு.

அந்தக் கணக்குத் தவறினால் என்ன நேரும் என்பதைச் சிறிய விமானம் அல்ல, மிகப் பெரிய விமானம் ஒன்றே உலகுக்குக் காட்டியது. 1983 யூலை 23ஆம் நாள் எயார் கனடாவின் புதிய போயிங் 767 விமானம், 61 பிரயாணிகளோடு மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரனுக்குப் புறப்பட்டது. அளவு காட்டும் மின்கருவி பழுதுபட்டிருந்தது. ஆகவே இறக்கையின் அடியிலிருந்து இறக்கிப் பார்க்கும் கோல்களாலே அளந்தார்கள். தாங்கிகளில் 7,682 லீற்றர் இருப்பதாக அளவு கூறிற்று. அளவு சரி. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். லீற்றரைக் கிலோகிராமாக மாற்ற 0.8 என்னும் எண்ணாற் பெருக்கியிருக்க வேண்டும், அவர்களோ 1.77 என்னும் பழைய எண்ணாற் பெருக்கினார்கள். அது இறாத்தலுக்குரிய எண். நிறையை இறாத்தலிற் கணக்கிட்டுப் பழகிய நிறுவனத்துக்கு அப்போதுதான் கிலோகிராம் அளவு வந்திருந்தது. நம்மிலும் பலர் இன்றுவரை பாணை இறாத்தல் கணக்கிலேயே கேட்கின்றோம். பழக்கம் அவ்வளவு வலியது.

20,088 லீற்றர் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லீற்றரே ஊற்றினார்கள். விமானத்தில் இருந்தது 22,300 இறாத்தல். தேவையான நிறையிற் பாதிக்கும் குறைவு. 41,000 அடி உயரத்திற் பறக்கையில் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானத் தலைவர் ரொபேர்ட் பியர்சன், எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களை ஓட்டிப் பழகியவர். துணை விமானி மோரிஸ் கின்ரால், கிம்லி என்னுமிடத்திலுள்ள பழைய இராணுவ விமானத் தளத்தை முன்பே அறிந்தவர். ஓடுபாதையில் அன்று மோட்டார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது என்பதை இருவரும் அறியார். ஓசையின்றி இறங்கி வந்த அந்தப் பெரிய பறவையைக் கண்டு மக்கள் சிதறி ஓடினார்கள். முன்சக்கரம் மடிந்தது, மூக்குத் தரையில் உராய்ந்தது, ஓர் உயிரும் போகவில்லை.

பின்னர் நடந்த விசாரணையில் ஒரு செய்தி தெளிவாயிற்று. முன்பெல்லாம் விமானத்தில் மூன்றாமவராக ஒரு பொறியியலாளர் இருப்பார். எரிபொருட் கணக்கு அவருடையது. புதிய விமானத்துக்கு இருவர் போதும் என்று அவரை நீக்கியபோது, அவர் செய்த கணக்கு இனி யாருடையது என்பதை எவரும் தெளிவாக வரையறுக்கவில்லை. தரையில் நின்றவர்களும் விமானிகளும் சேர்ந்தே பெருக்கினார்கள். எல்லோரும் அதே தவறான எண்ணாற் பெருக்கினார்கள். அந்த விமானம் பழுதுபார்க்கப்பட்டு மறுபடியும் வானேறி, 2008ஆம் ஆண்டு வரை சேவையிலிருந்தது.