வால்வு ஆம்ப்ளிஃபயரில் கிரிட் பயாஸ் கோளாறு

நியூ ஜெர்சியில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில், ஒரு குளிர்கால விடுமுறையில் சிறிய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்தேன். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7. பின்னால், ஸ்பீக்கரை இயக்க, ஒரு ஈஎல்84. முதல் வாரம் நன்றாகப் பாடியது. இரண்டாம் வாரம் கரகரத்தது. அறை விளக்கை அணைத்துப் பார்த்தால் ஈஎல்84-இன் பிளேட் மங்கலாகச் சிவந்திருந்தது. வால்வு கெட்டுவிட்டதென்று புதிது வாங்கிப் போட்டேன். அதுவும் சிவந்தது.

கொஞ்சம் அடிப்படை. வால்வுக்குள் சூடான கேத்தோடிலிருந்து பிளேட்டுக்கு எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. நடுவிலுள்ள கிரிட், தண்ணீர்க் குழாயின் திருகு மாதிரி. கேத்தோடைவிட அது சில வோல்ட் தாழ்ந்திருந்தால்தான் ஓட்டம் அளவோடு இருக்கும். அந்த வித்தியாசமே பயாஸ். என் ஆம்ப்ளிஃபயரில் கிரிட் 470 கிலோ ஓம் மின்தடை வழியாக கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்யத்தில் நிற்க வேண்டும். கேத்தோடு 135 ஓம் மின்தடைமேல் சுமார் 7.2 வோல்ட்டில் இருக்க வேண்டும்.

அளந்தேன்: கேத்தோடில் 9.8 வோல்ட். ஓம் விதிப்படி 53 மில்லி ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 73 ஓடுகிறது. பிளேட் தாங்கும் 12 வாட்டை இது தாண்டிவிடும்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடிந்தபின் வால்வைக் கழற்றினேன். மறுபடி மின்சாரம் கொடுத்து, சாக்கெட்டில் கிரிட் முனையை அளந்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 4 வோல்ட்! வால்வே இல்லாதபோது அதைக் குற்றம் சொல்ல முடியாதே. 12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டில் இருக்கும் 170 வோல்ட், இடையிலுள்ள 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியே கசிந்து வந்திருக்கிறது. கசிவு வெறும் 8.5 மைக்ரோ ஆம்பியர்தான். மல்டிமீட்டரின் ஓம் அளவையில் அதே மின்தேக்கி நல்லதாகவே தெரிந்தது. மீட்டர் கொடுக்கும் ஓரிரு வோல்ட்டில் இந்தக் கசிவு வெளியே வராது. 630 வோல்ட் தாங்கும் புதிய மின்தேக்கி போட்டதும் எல்லாம் சரியாயிற்று.

வேறு அறிகுறிகளும் உண்டு:

- வால்வைக் கழற்றியதும் கிரிட் பூஜ்யத்துக்கு வந்தால், பெரும்பாலும் வால்வுதான் கெட்டிருக்கும்.
- பிளேட் சிவந்து, கேத்தோடில் பூஜ்யம் காட்டினால், கேத்தோடு மின்தடைக்கு இணையான மின்தேக்கி ஷார்ட் ஆகியிருக்கலாம்.
- கேத்தோடில் மிக அதிக வோல்ட் இருந்து பாட்டு நின்றுபோனால், கேத்தோடு மின்தடை அறுந்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கியில் உயிரைக் குடிக்கும் அளவு மின்னழுத்தம் நிற்கும். என் மகளுக்கு மேஜையை எட்டிப் பிடிக்கும் வயது. ஆகவே 220 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை அதன் குறுக்கே நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டேன். அதன் பிறகும் ஒவ்வொரு முறையும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

கணிப்பொறி நிரலில் பிழை தேடுவதே என் பிழைப்பு. பிழை தெரியும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு என்று அங்கே நன்றாகத் தெரியும். இங்கே அதை மறந்ததற்கு ஒரு நல்ல வால்வின் விலை கொடுத்தேன். நீங்கள் முதலில் அளந்து பாருங்கள். பிறகு கடைக்குப் போகலாம்.