பங்குனி ஆமைகளும் ஐம்பது ஆண்டு இரவு நடையும்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சென்னை நகரம் உறங்கிய பிறகு, ஒரு சிறு குழு கடற்கரை மணலில் நடக்கத் தொடங்குகிறது. அலை வந்து தொட்டுச் செல்லும் இடத்துக்குச் சற்று மேலே, ஈர மணலில் கடலாமையின் தடம் தெரிகிறதா என்று பார்த்தபடியே கிலோமீட்டர் கணக்கில் நடக்கிறது. இந்தப் பணிக்குச் சம்பளம் கிடையாது, பதவி கிடையாது, பயணப்படியும் கிடையாது. ஆயினும் ஐம்பது ஆண்டுகளாக ஆட்கள் மாறினார்களே தவிர, நடை கைவிடப்படவில்லை. இவ்வளவு நீண்ட காலம் தொண்டர்கள் சோர்வடையாமல் இருந்தது எவ்வாறு என்பதை அடுத்த தலைமுறைக்காகப் பதிவு செய்வது நம் கடமை.

தொடக்கம்: 1970கள்

நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. தை மாதத்தில் கரையேறத் தொடங்கி, மாசி, பங்குனியில் மிகுதியாக முட்டையிடும். ஒடிசாவின் கஹிர்மாதாவில் இவ்வினம் ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறுவதுண்டு. சென்னையில் அப்படியில்லை. இங்கே அவை தனித்தனியாக வரும். பல இரவுகளில் வராமலும் போகும். முட்டைகளை மனிதர் எடுத்து விற்பதும், நாய்களும் நரிகளும் தோண்டித் தின்பதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்தன.

கிண்டியில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளைஞர்களும் 1970களின் தொடக்கத்தில் இந்நிலையைக் கண்டு இரவு நடைகளைத் தொடங்கினர். எடுத்த முட்டைகளைப் பாதுகாப்பான இடத்தில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தனர். நாட்டின் முதல் கடலாமைப் பொரிப்பக முயற்சிகளுள் இதுவும் ஒன்று. அன்று வழிகாட்டும் கையேடு எதுவும் இல்லை. குழியின் ஆழம் எவ்வளவு, முட்டைகளை எவ்வாறு தூக்கிச் செல்வது என்பனவற்றை அவர்கள் செய்து செய்தே கற்றனர்.

அக்குழுவில் முதன்மையாக நினைக்கத்தக்கவர் சதீஷ் பாஸ்கர். கேரளத்தைச் சேர்ந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர். படிப்பைக் காட்டிலும் கடல் அவரை வலிமையாக ஈர்த்தது. சென்னைக் கரையில் நடக்கப் பழகிய அவர், பின்னர் இலட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், குஜராத் எனச் சுமார் 4,000 கி.மீ. கடற்கரையை நடந்தே ஆய்வு செய்தார். 1982இல் இலட்சத்தீவின் ஆள் வாழாத சுஹேலித் தீவில் மழைக்காலம் முழுவதும் தனியாகத் தங்கி ஆமைகளைக் கணக்கெடுத்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட, அது இலங்கைக் கரை ஒதுங்கி ஒரு மீனவர் கைக்குக் கிடைத்து, உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. இத்தகைய ஈடுபாடு உள்ளவர்கள் அமைத்த அடித்தளத்தின் மேல்தான் நாம் நிற்கிறோம்.

சதீஷ் பாஸ்கர் சென்னையை விட்டுச் சென்ற பின்னும் இங்கே நடை நின்றுவிடவில்லை. எவ்வளவு பெரிய ஆளுமையாயினும் பணி அவரை மட்டும் நம்பி இருத்தலாகாது என்னும் முதல் பாடத்தை நம் கடலாமைப் பாதுகாப்பு இயக்கம் அப்போதே கற்றுக்கொண்டது.

கைமாறிய பணி: 1977 – 1988

1970களின் பிற்பகுதியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பொரிப்பகப் பணியை மேற்கொண்டது. 1980களில் தமிழ்நாடு வனத்துறை அதை ஏற்றது. இதற்கு முன்பே, 1977இல், கடலாமைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. முட்டைகளை எடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தொண்டர்கள் தொடங்கியதை அரசு ஏற்று நடத்தியது அவர்களுக்குக் கிடைத்த பெரிய அங்கீகாரம் ஆகும். 1988இல் அந்தப் பொரிப்பகப் பணி நின்றபோது, கரையில் மீண்டும் ஆள் இல்லாத நிலை ஏற்பட்டது.

மாணவர்கள் எழுந்த ஆண்டு: 1988

அந்த இடத்தை நிரப்பியவர்கள் கல்லூரி மாணவர்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988இல் பிறந்தது. அதைத் தொடங்கிய மாணவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர், பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியராகவும் நாடறிந்த கடலாமை ஆய்வாளராகவும் உயர்ந்தார். நீலாங்கரையில் புறப்பட்டுப் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கி.மீ. நடை என்பது வழக்கமாயிற்று.

மாணவர் அமைப்பு ஒன்றின் இயல்பான இடர் யாவரும் அறிந்ததே. மூன்று ஆண்டுகளில் படிப்பு முடியும், வேலை வரும், வெளியூர்ப் பயணம் வரும். முதல் ஆண்டின் ஆர்வம் இரண்டாம் ஆண்டில் இருப்பதில்லை. இதற்கு நம் முன்னோடிகள் கண்ட வழி எளியது. கற்றவர் உடனே கற்பிப்பவராக வேண்டும். சென்ற பருவத்தில் பின்னால் நடந்தவர் இந்தப் பருவத்தில் முன்னால் நடந்தார். ஆமை ஏறிய தடம் எது, இறங்கிய தடம் எது, மணலில் குச்சியை எவ்வளவு மென்மையாக இறக்கினால் முட்டை உடையாமல் குழி தட்டுப்படும் என்பனவெல்லாம் கரையிலேயே, இருட்டிலேயே கற்றுத்தரப்பட்டன. பொறுப்பு கையில் வந்தவுடன் வருகையும் உறுதியாயிற்று. தம்மை நம்பி ஒரு குழு காத்திருக்கிறது என்று அறிந்தவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிடுவதில்லை.

வேலையின் அமைப்பும் துணைநின்றது. ஆமை ஒரு முறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழக் குடுவை வடிவக் குழியில் இடும். அவற்றைச் சில மணி நேரத்துக்குள், குலுக்காமலும் புரட்டாமலும் பொரிப்பகத்துக்குக் கொண்டுசென்று, அதே ஆழத்தில், அதே வடிவக் குழியில் வைக்க வேண்டும். நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிய பலகையை அருகில் நட வேண்டும். ஏறத்தாழ 45 முதல் 55 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும். பருவத்தின் தொடக்கத்தில் தான் சுமந்து வந்த முட்டைகள், பருவம் முடிவதற்குள் குஞ்சுகளாகிக் கடலுக்குள் இறங்குவதைத் தொண்டர் கண்ணாரக் காண்கிறார். உழைப்புக்கும் பயனுக்கும் இடையே இரண்டு மாதத்துக்கும் குறைவான இடைவெளியே உள்ளது. இத்தகைய பேறு எல்லாத் தொண்டுக்கும் வாய்ப்பதில்லை.

பொதுமக்களுக்குத் திறந்த கதவு: 1990கள்

மாணவர்களாக வந்தவர்களுள் சிலர் படிப்பு முடிந்த பின்னும் விலகவில்லை. பல்லாண்டுகளாக ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றிவரும் வி. அருண் அவர்களுள் முன்னிற்பவர். பணியை அறிந்த மூத்தோரும் ஆர்வம் மிக்க இளையோரும் ஒரே வரிசையில் நடந்ததால் அனுபவம் அறுபடாமல் தொடர்ந்தது.

வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் நம் இயக்கத்தின் பெருஞ்சிறப்பு. பள்ளிப் பிள்ளைகள், குடும்பத்தினர், அலுவலகத்தில் வேலை செய்வோர் என எத்தனையோ பேர் மணலில் அமர்ந்து ஆமையின் வாழ்க்கையைக் கேட்டறிந்து, பிறகு நடந்தனர். விருந்தினராக வந்தவர்களிலிருந்தே அடுத்த ஆண்டின் தொண்டர்கள் கிடைத்தனர். பலமுறை சொன்ன செய்தியைப் புதியவருக்கு மறுபடி சொல்லும்போது, சொல்பவருடைய ஆர்வமும் புதுப்பிக்கப்பட்டது.

ஒரு தடம்கூடக் காணாத இரவுகள் இருந்தன. விடியும் வரை நடந்து வெறுங்கையுடன் திரும்பியவர்களைக் காத்தது நட்பு. கூட்டாக நடந்த களைப்பு, கரையோரப் பேச்சு, காலைத் தேநீர் ஆகியவை ஆமை வராத இரவையும் வீணாகாத இரவாக்கின. முட்டைக் குழி கிடைக்காத நடையும் பதிவேட்டில் ஏறியது. இல்லை என்பதும் ஒரு தகவலே என்று அறிந்த தொண்டருக்கு அந்த நடையும் பணியாகவே தோன்றியது.

சோதனைகளும் புதிய துணையும்: 2000 – 2009

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வீடுகள் பெருகின. கரையோர விளக்குகளும் பெருகின. பொரித்து வெளிவந்த குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசையே கடல் என்று எண்ணிச் சாலையை நோக்கி ஊர்ந்தன. முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுவதன் தேவை முன்னைவிடவும் மிகுந்தது. பருவ இரவுகளில் விளக்குகளை அணைக்குமாறு வேண்டும் பணியும் தொண்டர்களின் கடமைகளுடன் சேர்ந்தது.

2002இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ ஃபவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக்கியது. கடலை நன்கறிந்தவர்கள் பாதுகாப்பில் இறங்கியது பெரும் வலிமை. முன்பு முட்டை எடுக்கப்பட்ட குப்பங்களிலிருந்தே காவலர்கள் வந்தனர் என்பது இந்த வரலாற்றில் பெருமையுடன் குறிக்கத்தக்கது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. ஆமைப் பருவம் தொடங்க ஒரு சில நாள்களே இருந்தன. தொண்டர்கள் இரவு தோறும் கடந்து சென்ற குப்பங்கள் துயரில் மூழ்கின. அந்தப் பெருந்துயருக்குப் பின்னும் ஆமைகள் கரைக்கு வந்தன. நடையும் பின்வந்த பருவங்களில் தொடர்ந்தது.

வேர்கள் பரவிய காலம்: 2010 முதல்

கார்த்திக் சங்கர் இந்தியக் கடலாமைப் பாதுகாப்பின் வரலாற்றை 2015இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். சென்னை மாணவர்களின் பங்கு அதில் உரிய இடம் பெற்றது. வனத்துறையும் தமிழகக் கடற்கரையின் பல இடங்களில் பொரிப்பகங்களை அமைத்துத் தொண்டு அமைப்புகளுடன் கைகோத்தது.

2020 மார்ச் மாதத்தில், முட்டைகள் மணலுக்குள் இருந்த வேளையில், கொரோனா ஊரடங்கு வந்தது. பொதுமக்கள் நடைகள் நின்றன. நம் வரலாற்றின் கடினமான பருவங்களுள் அது ஒன்று. கட்டுப்பாடுகள் தளர்ந்த பின் இளைஞர்கள் கரைக்குத் திரும்பினர். 2023இல் சதீஷ் பாஸ்கர் மறைந்தார். அவர் வாழ்வைச் சொல்லும் ஆவணப்படம் மறு ஆண்டே வெளிவந்தது. 2024 பருவத்தில் தமிழகக் கரையெங்கும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கியபோது மனம் கலங்காத தொண்டர் இல்லை. ஆயினும் அந்த இரவுகளிலும் நடை இருந்தது; உயிருடன் வந்த ஆமைகளின் முட்டைகள் காக்கப்பட்டன.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து ஆளாகும் என்பர். அதுவும் முட்டையிடும் பருவத்தை எட்டப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். நாம் விட்ட குஞ்சுதான் திரும்பி வந்ததா என்று எவராலும் சொல்ல இயலாது. அந்த உறுதிப்பாட்டை எதிர்பாராமலே ஐம்பது ஆண்டுகள் நடந்தவர்கள் நம் முன்னோடிகள். குறுகிய பருவம், தெளிவான வேலை, கண்முன் தெரியும் பயன், விரைவில் கைக்கு வரும் பொறுப்பு, தோள் கொடுக்கும் நட்பு: இவ்வைந்தும் தொண்டரைக் காத்தன, தொண்டர் ஆமையைக் காத்தனர்.

இதைப் படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனவரியில் ஓர் இரவையாவது இப்பணிக்கு ஒதுக்குங்கள். வரும்போது உங்களுக்குத் தெரிந்த மாணவர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். அடுத்த பருவத்தில் குழுவின் முன்னால் நடக்க ஆள் வேண்டும்.