எம்.எஃப். உசேன் - பேனர்ல இருந்து கத்தார் வரைக்கும்

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இன்ஜினியரிங் படிக்கறப்போ உசேன் பத்தி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வந்துச்சு. ரெண்டு படம், நாலு வரி கோபம். நானும் யோசிக்காம க்ளாஸ் க்ரூப்புக்குத் தள்ளி விட்டேன். அவர் யாருன்னு தேடிப் படிச்சது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான். இந்தப் பதிவு அதுக்கான பிராயச்சித்தம்னு வெச்சுக்கங்க :-)

மகாராஷ்டிராவின் பண்டரிபுரத்தில் பிறந்து இந்தோரில் வளர்ந்தவர். 1930களில் பம்பாய் வந்து செய்த வேலை, சினிமா பேனர் வரைவது. ரோட்டுல நிக்கிறவன் நிமிர்ந்து பார்த்ததும் முகம் மனசுல பதியணும். அதனால தடிமனான கோடு, அடர்த்தியான கலர், வேகமான கை. நடுவுல பொம்மை, ஃபர்னிச்சர் டிசைன் செஞ்சும் பிழைச்சிருக்கார். 1947ல் எஃப்.என். சூசா ஆரம்பித்த முற்போக்கு ஓவியர் குழுவில் ரஸா, ஆராவோட இவரும் சேர்ந்தார். 1948ல் சூசாவோட டெல்லி போனப்போ பார்த்த மதுரா சிற்பங்களும் பசோலி சிற்றோவியங்களும் அவரைப் புரட்டிப் போட்டன. பேனர்க் கோடும் அந்தச் சிற்பங்களின் வளைவும் சேர்ந்ததுதான் நாம பார்க்கிற உசேன் ஸ்டைல்னு நினைக்கிறேன். அவர் கூட்டாளிகள் பலர் உருவங்களை விட்டு விலகிப் போனாலும் இவர் கடைசி வரைக்கும் மனுஷங்களையும் குதிரைகளையும் விடலை.

அப்புறம் ஊர் சுத்தல். 1950களின் தொடக்கத்தில் சீனா, ஐரோப்பா. ராஜஸ்தானில் எடுத்த குறும்படத்துக்கு 1967ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி. 1971ல் சாவோ பாவ்லோவில் பிக்காசோவோட சிறப்பு அழைப்பாளர். இத்தனைக்கும் காலில் செருப்பு கிடையாது! சோஷலிஸ்ட் தலைவர் லோகியா சொன்னதைக் கேட்டு ராமாயணம் வரைஞ்சு, ஹைதராபாத் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில கொண்டு போய்க் காட்டினதா அவரே சொல்லியிருக்கார். அங்க யாரும் சண்டைக்கு வரலையாம்.

சண்டை வந்தது 1996ல். 1970களில் வரைந்த படங்களை ஒரு இந்திப் பத்திரிகை எடுத்துப் போட, ஊர் ஊரா வழக்கு. 1998ல் அவர் வீட்டில் தாக்குதல். 2006ல் 'பாரத மாதா' பிரச்சினை. நான் ஃபார்வர்ட் பண்ணினதுல இதுவும் ஒண்ணு. ஆனா அந்தத் தலைப்பை வெச்சது அவர் இல்லை. 2004ல் தலைப்பில்லாம விற்ற ஓவியம் அது. பின்னாடி இணைய ஏலத்துக்கு வந்தப்போதான் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. அந்த ஏலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 2008 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் அந்த வழக்குகளை ரத்து செஞ்சார். தொண்ணூறு வயசு ஓவியர் தன் வீட்டில் உட்கார்ந்து வரையணும்கிற அர்த்தத்துல எழுதினார். இதே நீதிபதிதான் 2016ல் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியா இருந்தப்போ பெருமாள்முருகன் வழக்கிலும் எழுத்தாளர் பக்கம் நின்றவர்.

பெருமாள்முருகன் திரும்ப எழுத வந்தார். உசேன் திரும்ப வரலை. 2010ல் கத்தார் குடியுரிமை வாங்கிக்கிட்டு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைச்சார். 2011 ஜூன் 9 அன்று லண்டனில் இறந்தார். அடக்கமும் இங்கிலாந்தில்தான்.

அவர் 1954ல் வரைந்த 'கிராம யாத்திரை' பல வருஷம் ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனைச் சுவரில் தொங்கிட்டு இருந்தது. 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.38 கோடி டாலருக்குப் போச்சு. அதே வருஷம் நவம்பரில் தோஹாவில் அவருக்குன்னே ஒரு மியூசியமும் திறந்தாங்க.

அவர் படம் பிடிக்கலைன்னு சொல்ல யாருக்கும் உரிமை இருக்கு. எனக்கே சிலது பிடிக்கலை. ஆனா அந்த ஃபார்வர்டை அனுப்பறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தேடியிருந்தா, இதெல்லாம் அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அந்த க்ரூப் இன்னும் இருக்கு. இந்தப் பதிவோட சுட்டியை முதல்ல அங்கதான் போடப் போறேன்.