ஏணிச் சித்திரத்தின் வரலாறு

தெகிவளைச் சந்தியில் காலி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பிக் களுபோவில நோக்கிச் செல்பவர்களுட் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்குச் செல்பவர்கள். நோயாளரைப் பார்க்க விரையும் அக்கூட்டத்தின் கண்ணில் அவ்வட்டாரத்து ஒழுங்கைகளுக்குள் இயங்கும் சிறு தொழிற்கூடங்கள் படுவதில்லை. அத்தகைய கூடமொன்றில், மிளகாயும் மல்லியும் அரைத்துப் பொதி செய்யும் சிறிய ஆலையில், ஒரு பகற்பொழுது நின்று பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது.

சுவரிலிருந்த பழைய இரும்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதனுள் வரிசை வரிசையாக ரிலேக்கள்; மிளகாய்த்தூள் படிந்து நிறம் மாறிய வயர்க் கற்றைகள். அவற்றின் இடத்தில் அமரவிருந்தது பள்ளிக் கொப்பியொன்றின் அளவுகூட இல்லாத சிறு பெட்டி. பாடநூல்கள் அதனைச் செய்நிரற்படுத்தத்தக்க தருக்கக் கட்டுப்படுத்தி என்கின்றன. பட்டறையில் எல்லோருக்கும் அது பி.எல்.சி. வேலையை நடத்தியவர் முதிய சிங்களத் தொழிலாளி. உடன் நின்றவன் மலையகத்திலிருந்து வந்த தமிழ் இளைஞன். அவர் அவனை ‘மல்லி’ என்றார். அவன் அவரை ‘பாஸ்’ என்றான். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைகுறை. முதற் சோதனையில் பொறி ஓட மறுத்தது. கணினித் திரையில் ஓர் ஏணியின் சித்திரம் தோன்றியது. இருவரும் சிறிது நேரம் அதனை உற்றுப் பார்த்தனர். “இந்தப் படிதான் பிழை, பாஸ்” என்று இளைஞன் விரல் வைத்த இடத்தைக் கண்டதும் மூத்தவர் தலையசைத்தார். மொழிபெயர்ப்புக்கு அங்கே தேவை எழவில்லை.

இரு மொழியினருக்கும் பொதுவாக நின்ற அந்த ஏணி எங்கிருந்து வந்தது? யாருடைய வசதிக்காக அது வரையப்பட்டது? பொறிகளின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளரின் பெயர்ப்பட்டியலாகவே படித்துப் பழகிவிட்டோம். அப்பொறிகளோடு நாள் முழுதும் நிற்பவன் அவ்வரலாற்றில் எங்கே நிற்கிறான் என்று கேட்பது அரிது. இந்தச் சிறு பெட்டியின் கதையில் அவ்வினாவுக்கு விடை உண்டு.

கதை ரிலேயிலிருந்து தொடங்குகிறது. மின்காந்தத்தால் திறந்து மூடும் ஆளியே ரிலே. 1835 அளவில் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி அதன் தொடக்க வடிவத்தை அமைத்தார். தந்தித் துறை அதனை வளர்த்தது. இரண்டு ஆளிகளைத் தொடராக இணைத்தால் இரண்டும் மூடியபோது மட்டுமே மின்சாரம் பாயும். சமாந்தரமாக இணைத்தால் ஏதாவதொன்று மூடினாற் போதும். ‘இதுவும் அதுவும்’, ‘இதுவோ அதுவோ’ என்னும் நமது அன்றாடச் சிந்தனை இவ்வாறு செப்புக் கம்பிக்குள் குடியேறிற்று. அச்சிந்தனையைக் கணிதமாக்கி 1854-இல் நூல் எழுதியவர் ஜோர்ஜ் பூல். இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துச் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாமல், பெரும்பாலும் தாமாகவே கணிதம் பயின்றவர். பூலின் கணிதமும் ரிலேச் சுற்றும் ஒன்றே என்பதை 1937-இல் தமது முதுமாணி ஆய்வேட்டில் நிறுவியவர் குளோட் ஷானன்.

ஆயினும் ஆலைகளின் மின்தொழிலாளர் பூலையும் ஷானனையும் படித்துவிட்டு வேலைக்கு வரவில்லை. தமது சுற்றுகளை அவர்கள் ஏணியாக வரைந்தார்கள். மின்வழங்கலின் இரு கம்பிகளும் ஏணியின் இரு நெடுங்கால்கள். ஒவ்வொரு படியும் ஒரு நிபந்தனைத் தொடர். படியின் இடப்புறம் ஆளிகள், வலக்கோடியில் இயங்க வேண்டிய பொறியின் சுருள். மேலிருந்து கீழாகப் படித்தால் பொறியின் நடத்தை முழுவதும் விளங்கும். எண்ணெய்க் கறை படிந்த தாள்களில், பெட்டிக் கதவுகளின் உட்புறத்தில் வளர்ந்த மொழி அது.

ரிலேக்களுக்கு ஒரு பெருங் குறை உண்டு. பொறியின் நடத்தையை மாற்ற வேண்டுமாயின் கம்பிகளைக் கழற்றி மீண்டும் இணைக்க வேண்டும். 1960-களின் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலில் புதிய மாதிரிகள் அடிக்கடி வந்தன. மாதிரி மாறியபோதெல்லாம் ஆயிரக்கணக்கான ரிலேக்கள் அடங்கிய பெட்டிகளை மாற்றியமைக்கவோ குப்பையில் எறியவோ நேர்ந்தது. 1968-இல் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமட்டிக் பிரிவு ஒரு கோரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. புதிய கட்டுப்படுத்தி ஆலைத்தளத்தின் வெப்பத்தையும் அதிர்வையும் தாங்க வேண்டும். ரிலேப் பெட்டியிலும் சிறிதாயிருக்க வேண்டும். ஆலையிலேயே எளிதாகச் செய்நிரலை மாற்றவும் பழுதுபார்க்கவும் இயல வேண்டும் என்பன அதன் சாரம்.

அதே ஆண்டுப் புத்தாண்டு நாளில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்ட் அசோசியேற்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மோர்லி இத்தகைய பொறிக்கான குறிப்பை எழுதியிருந்தார். அந்நிறுவனத்தின் 84-ஆவது திட்டமாதலின் அவர்கள் ஆக்கிய கட்டுப்படுத்தி ‘மொடிகொன் 084’ எனப் பெயர் பெற்று, 1969-இல் உருப்பெற்றது. அதனோடு போட்டியிட்டவற்றுள் ஒன்று டிஜிற்றல் எக்குயிப்மன்ற் என்னும் பெரிய கணினி நிறுவனத்தின் பி.டி.பி. 14. அதன் நினைவகம் கம்பிகளைப் பின்னி ஆக்கப்பட்டது. செய்நிரலை மாற்ற வேண்டுமாயின் அதனைச் செய்தவர்களிடமே மீண்டும் போக வேண்டும். மொடிகொனோ ஆலைத்தளத்து மின்தொழிலாளி ஏற்கெனவே அறிந்திருந்த ஏணிச் சித்திரத்தையே தன் மொழியாக ஏற்றது. ஏணியின் ஒரு படியை மாற்றினால் பொறியின் நடத்தை மாறிற்று. நிலைத்து நின்றது ஏணியின் வழி.

இஃது உழைப்பாளி மீது கொண்ட பரிவினால் விளைந்ததன்று என்பதை நாம் மறத்தலாகாது. உற்பத்தி வரிசை ஒரு மணிநேரம் நின்றால் முதலாளிக்கு நேரும் நட்டமே இதன் பிறப்பிடம். ஆனால் அந்த நட்டத்தைத் தவிர்க்க மூலதனம் யாரிடம் வர வேண்டியிருந்தது? பொறியைத் தெரிந்தவனிடம். தனது மொழியைக் கற்குமாறு தொழிலாளியைப் பணிக்கக் கணினியால் இயலவில்லை. தொழிலாளியின் மொழியைக் கணினி கற்றது. பொறிகளின் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சி பெரிதும் அரிது.

மீண்டும் களுபோவிலவுக்கு வருவோம். 35 மில்லிமீற்றர் அகலமுள்ள தண்டவாளம் போன்ற தகடொன்றைப் பெட்டியின் முதுகில் திருகி, அதன் மேல் கட்டுப்படுத்தியைக் கொளுவினார்கள். 230 வோல்ற்று மின்சாரத்தை 24 வோல்ற்று நேரோட்டமாக மாற்றும் வழங்கி அதனருகே அமர்ந்தது. பொத்தான்களும் உணரிகளும் உள்ளீட்டு முனைகளில் இணைந்தன. வெளியீட்டு முனைகள் மோட்டாரை நேரே ஓட்டுவதில்லை. அவ்வளவு ஓட்டத்தை அவை தாங்கா. அவை கொன்ராக்டர் எனப்படும் வலிய ஆளியை இயக்க, அதுவே மோட்டாரை ஓட்டும். மோட்டாருக்குச் செல்லும் கம்பிகளையும் உணரிகளின் மெல்லிய கம்பிகளையும் மூத்தவர் வெவ்வேறு வழியாகக் கொண்டு சென்றார். ஒன்றின் இரைச்சல் மற்றதன் சைகையைக் கெடுத்துவிடும் என்பது அவர் அனுபவம். ஒவ்வொரு கம்பி நுனியிலும் எண் பொறித்த சிறு குழாயை மாட்டினார். “நான் செத்தாலும் அடுத்தவனுக்கு விளங்க வேணும்” என்று உடைந்த தமிழிற் சொல்லிச் சிரித்தார்.

உள்ளே நடப்பது எளிய வேலைதான். கட்டுப்படுத்தி முதலில் உள்ளீடுகளை எல்லாம் படிக்கிறது. பின் ஏணியை மேலிருந்து கீழாகக் கணிக்கிறது. இறுதியில் வெளியீடுகளை மாற்றுகிறது. சில மில்லிசெக்கன்களில் இச்சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும். பட்டி ஓடினாலன்றி அரைக்கும் பொறி ஓடலாகாது. பாதுகாப்பு மூடி மூடியிருக்க வேண்டும். நிறுத்து பொத்தான் அழுத்தப்பட்டிருக்கலாகாது. இம்மூன்றும் தொடராக நிற்கும் நிபந்தனைகள். தொடக்கு பொத்தானுக்குச் சமாந்தரமாகப் பொறியின் சொந்தத் தொடுகை நிற்கும். விரலை எடுத்த பின்னும் ஓட்டம் தொடர்வது அதனால்.

இளைஞன் கண்ட பிழை எதில் இருந்தது? நிறுத்து பொத்தானில். அப்பொத்தான் இயல்பில் மூடியிருக்கும் வகையினது, அழுத்தினால் திறக்கும். ஏன் அவ்வாறு? கம்பி அறுந்தாலும் பொத்தானை அழுத்தியதற்கு ஒப்பாகப் பொறி நிற்க வேண்டும் என்பதற்காக. ஓட்டம் வந்துகொண்டிருக்கும் வரை மட்டுமே ஓட அனுமதி. ஆதலின் ஏணியில் அதனை ‘ஓட்டம் வந்தால் மூடும்’ தொடுகையாக வரைய வேண்டும். பொத்தான் மூடிய வகையாயிற்றே என்று ஏணியிலும் மூடிய தொடுகையாக வரைந்துவிட்டார்கள். தலைகீழின் தலைகீழாகிப் பொறி படுத்துவிட்டது. படி திருத்தப்பட்டது, பொறி ஓடிற்று.

அவசர நிறுத்தத்துக்குரிய சிவப்புப் பொத்தானையோ மூத்தவர் ஏணியிடம் ஒப்படைக்கவேயில்லை. செய்நிரலைக் கேளாமல், கொன்ராக்டர்களுக்குச் செல்லும் மின்சாரத்தையே அது வெட்டுமாறு கம்பியால் இணைத்தார். பெட்டிக்கு விரல்கள் இல்லை. பொறிக்குள் அகப்படப்போவது பெண் தொழிலாளி ஒருத்தியின் கை. அந்தக் கையைப் பாதுகாக்கும் பொறுப்பைக் கண்ணுக்குப் புலப்படாத செய்நிரலொன்றிடம் முழுதாக விடலாகாது என்பது வெறும் தொழில்நுட்ப விதியன்று, அறமுமாகும். 2010-இல் அம்பலமான ஸ்ரக்ஸ்நெற் என்னும் நச்சுநிரல் இதனை உலகுக்கு உணர்த்திற்று. ஈரானின் நத்தான்ஸ் யுரேனிய ஆலையில் சீமென்ஸ் கட்டுப்படுத்திகளுக்குள் அது புகுந்து சுழற்பொறிகளைக் கெடுத்தது. காவல் நின்றவர்களின் திரைகளோ எல்லாம் சீராக நடப்பதாகவே காட்டின.

பொறி வந்தால் வேலை போகுமே என்னும் அச்சம் நியாயமற்றதா? 1811 முதல் இங்கிலாந்தின் நெசவுப் பொறிகளை உடைத்த தொழிலாளரை மூடரென்று எள்ளுவது வழக்கம். 1812-இல் பொறியுடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் வந்தபோது பிரபுக்கள் சபையில் அவர்களுக்காகக் குரல் எழுப்பியவர் கவிஞர் பைரன். அத்தொழிலாளரின் பகை இரும்போடு மட்டும் அன்று. அந்த இரும்பின் பயன் யாருக்குச் சென்றது என்பதிலேயே அவர்தம் வழக்கு இருந்தது.

அவ்வழக்கு நமக்கும் அந்நியமானதன்று. களுபோவிலவுக்கு வடக்கே, வெள்ளவத்தை நூற்றல் நெசவாலை ஒருகாலத்தில் இத்தீவின் மிகப் பெரிய துணி ஆலையாக விளங்கியது. உலகப் பொருளாதார மந்தம் உழைப்பாளரை வாட்டிய 1933-இல் அங்கே வேலைநிறுத்தம் எழுந்தது. மலையாளிகளும் பிற இந்திய வம்சாவளியினரும் சிங்களவரும் அங்கே வேலை செய்தனர். பழைய தொழிற்சங்கத் தலைவரான ஏ. ஈ. குணசிங்க அதனை எதிர்த்தார், கொல்வின் ஆர். டி சில்வா அத்தொழிலாளரின் புதிய சங்கத்துக்குத் தலைவரானார். 1935-இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தவர்களுக்கு அது முதற் பாசறைகளுள் ஒன்று. இன்று அந்த ஆலை நின்ற நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. தறிகள் போய்விட்டன. பொறியின் பயன் யாருக்கு என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

அவ்வழக்கு நமது காலத்தில் புது வடிவம் பூண்டுள்ளது. ஏணியால் திறந்த கதவு கடவுச்சொல்லால் மீண்டும் அடைபடுகிறது. பொறியோடு வரும் செய்நிரலைப் பூட்டிவிட்டு விற்பவர்கள் உளர். பொறி நின்றால், பிழை எந்தப் படியில் என்று பார்க்கவும் தொழிலாளிக்கு வழியில்லை. விற்றவர் வரும் வரை நாட்கூலியும் நிற்கிறது. படிகளின் அருகே எழுதும் விளக்கங்களோ ஆங்கிலத்தில் மட்டும். பல செய்நிரல்களில் அவையும் இல்லை. 1956-இல் இந்நாட்டுக்கு ஒரு மொழியே போதும் என்று சட்டம் செய்தார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே சிந்திய இரத்தத்தை நாம் அறிவோம். 1993-இல் வெளியான சர்வதேசத் தராதரமோ கட்டுப்படுத்திகளுக்கு ஏணியுட்பட ஐந்து மொழிகளை ஏற்றுக்கொண்டது. வேலைக்கும் வேலை செய்பவனுக்கும் எது பொருந்துமோ அம்மொழியிற் பொறியிடம் பேசலாம் என்றது. பொறிகளுக்குக் காட்டிய பெருந்தன்மையை மனிதருக்குக் காட்டத் தயங்கிய தேசம் நமது.

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. பொறி வாங்குபவர்கள் பூட்டற்ற செய்நிரலின் படியொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். அதன் விளக்கங்கள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டு, பெட்டிக் கதவின் உட்புறத்தில் வைக்கப்பட வேண்டும். அதனைப் படித்துத் திருத்தும் பயிற்சி, பொறியருகே நிற்பவர்களுக்கு, வேலை நேரத்திலேயே அளிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொறியின் அறிவை இழந்தவன் நாளை கூலி பேசும் வலிமையையும் இழப்பான்.

அன்று மாலை பெட்டியை மூடுமுன் மூத்தவர் ஏணிச் சித்திரத்தைத் தாளில் அச்சிட்டு வாங்கி மடித்து உள்ளே வைத்தார். படிகளின் ஓரத்தில் அவர் சிங்களத்தில் எழுதியிருந்தார். இளைஞன் பேனாவை வாங்கி அதன் கீழே தமிழில் எழுதினான். ‘மூடி திறந்தால் நிற்கும்.’ ‘பட்டி ஓடினால் மட்டும் ஓடும்.’ தாளில் இரண்டு மொழிக்கும் இடம் போதுமானதாகவே இருந்தது.