தொடரும் சமாந்தரமும்: பூநகரி ஊதி ஊதி வைத்திருந்த வெளிச்சம்

சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்சுற்றுப் பாடம் வந்தால் பிள்ளைகள் இரண்டு வரியை மனனம் செய்துவிடுகிறார்கள். தொடர் இணைப்பில் மின்னோட்டம் சமன், அழுத்த வித்தியாசம் பங்கிடப்படும். சமாந்தர இணைப்பில் அழுத்த வித்தியாசம் சமன், மின்னோட்டம் பங்கிடப்படும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பூநகரியில் இருந்து படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு சங்கதியும் தெரிய வேண்டும். இந்தப் பாடத்தை அதன் அம்மம்மாவும் அப்பாவும் புத்தகம் இல்லாமலே செய்து பார்த்தவர்கள்.

1800ஆம் ஆண்டு மார்ச்சில் இத்தாலியின் வோல்ற்றா லண்டன் றோயல் சொசைற்றிக்கு ஒரு கடிதம் எழுதினார். நாகத் தட்டு, வெள்ளித் தட்டு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை. இப்படிச் சோடி சோடியாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினால் ஒவ்வொரு சோடியின் அழுத்தமும் கூடிக்கொண்டே போகும் என்றார். ஆகவே உலகத்தின் முதல் மின்கல அடுக்கே தொடர் இணைப்புத்தான்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. ரோச் பற்றரி தடைப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் பொன்னைப் போல. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில்தான் பிள்ளைகள் படித்தார்கள். எங்களில் நாச்சிக்குடாவைச் சேர்ந்தவர்கள் அந்த ஒக்ரோபரிலேயே வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போய்விட்டோம். அதனால் இங்கே எழுதுவதில் பெரும்பகுதி, திரும்பி வந்தபின் அயலவர்கள் வாயால் கேட்டது.

தீர்ந்த பற்றரியை அவர்கள் எறியவில்லை. ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டார்கள். உலர் மின்கலம் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருக்கும் பசை ஈரமாக இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். பசை காய்ந்தால் உட்தடை கூடும், மின்னோட்டம் குறையும். உப்புத் தண்ணீர் அந்த ஈரத்தைக் கொஞ்ச நாளைக்குத் திருப்பிக் கொடுத்தது. வோல்ற்றாவின் அட்டையில் இருந்த அதே உப்புத் தண்ணீர்! ஆனால் அப்படி உயிர் பெற்ற கலம் புதிதைப் போல 1.5 வோல்ற்று தராது. ஆகவே இரண்டு கலம் போடும் ரேடியோவுக்கு நாலைந்தை வரிசையாகக் கட்டினார்கள். நேர்முனை எதிர்முனையைத் தொட வேண்டும், ஒன்று தலைகீழானால் அது மற்றதற்கு எதிராக வேலை செய்யும், ஒன்று அடியோடு செத்தால் முழு வரிசையும் மந்தமாகும். பாடப்புத்தகத்தில் இது அரைப் பக்கம். அவர்களுக்கு அது இரவுச் செய்தி.

தமிழோசை கேட்பதற்கு இன்னொரு வழி சைக்கிள். அதைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து ரேடியோவுக்கு வயர். டைனமோ தருவது ஆடலோட்டம், ஆகவே நடுவில் டயோட் வேண்டும். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.

வெளியுலகில் இந்த இரண்டு இணைப்புக்கும் நடந்த போட்டி பெரிய கதை. 1879இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் பிரஷ் என்பவர் எரித்த வில் விளக்குகள் தொடராக இணைக்கப்பட்டவை. தெரு முழுவதையும் ஒரே நேரத்தில் எரிக்க அது பரவாயில்லை. ஆனால் வீட்டுக்கு? உங்கள் அறை விளக்கை அணைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் இருளில் இருக்க முடியுமா? எடிசன் சமாந்தரத்தைப் பிடித்தார். அதற்கு ஒவ்வொரு விளக்கும் கொஞ்ச மின்னோட்டமே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் செப்புக் கம்பி கை மொத்தத்துக்கு வேண்டும். ஆகவே தடை கூடிய இழை தேடினார். 1882 செப்ரெம்பர் 4 அன்று நியூயோர்க்கின் பேர்ள் வீதி நிலையம் இயங்கியது. எடிசனின் பெரிய கெட்டித்தனம் மின்குமிழில் மட்டுமல்ல, இந்தக் கணக்கிலும்தான் இருக்கிறது என்பது எங்கள் அபிப்பிராயம். கொழும்பில் மின்விளக்கு எரிந்தது 1895இல். லக்சபான 1950இல். பூநகரிக் குடிசைகளில் பல, சங்குப்பிட்டிப் பாலம் 2011இல் திறந்த காலத்திலும் விளக்குத் திரியோடுதான் இருந்தன.

வகுப்பில் மாலை பல்ப்பையும் காட்டலாம். 230 வோல்ற்றில் 6 வோல்ற்றுக் குமிழ்கள் ஏறக்குறைய முப்பத்தெட்டைத் தொடராகப் போட்டால்தான் தாங்கும். ஆனால் எங்களுக்குப் பிடித்தது டைனமோதான், ஏனென்றால் அது சூத்திரத்தை மனனம் செய்த பிள்ளையை மடக்கும். முன் விளக்கு 2.4 வற்று, பின் விளக்கு 0.6 வற்று, இரண்டும் சமாந்தரம். முன் விளக்கு சுட்டால் பின் விளக்கு பாதிக்கப்படாது என்று பிள்ளை எழுதும். உண்மையில் பின் விளக்கு பளீரென்று எரிந்து அதுவும் சுட்டுவிடும். டைனமோ பற்றரி மாதிரி அழுத்தத்தை நிலையாக வைத்திருக்காது. ஏறக்குறைய நிலையான மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கும். அரை அம்பியரும் அந்தச் சின்னக் குமிழின் மேல் விழுகிறது. அந்தக் காலத்தில் சைக்கிள் ஓடியவர்களிடம் கேளுங்கள், விதி தெரியாமலே முன் பல்ப்பை உடனே மாற்றியிருப்பார்கள்.

பழைய டைனமோ, விளக்கோடு, யாருடைய கொட்டிலிலாவது கிடந்தால் சொல்லுங்கள். அடுத்த தவணைப் பாடத்துக்கு வேண்டும். பற்றரிக்கு உப்புத் தண்ணீர் விட்டவர்கள் ஒருநாள் வகுப்புக்கு வந்தால் இன்னும் நல்லது.